செங்காந்தளுக்குள் எத்தனை செங்காந்தள்?

கிண்டி தேசியப் பூங்காவில் 270 ஹெக்டேர். நன்மங்கலம் காப்புக்காட்டில் ஏறத்தாழ 320 ஹெக்டேர். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் ஏறக்குறைய 365 ஏக்கர். வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். சென்னைக்குத் தெற்கே ஒரு காலத்தில் பாறைக்குன்றும் செம்மண் மேடும் ஏரிக்கரையுமாகத் தொடர்ந்து கிடந்த புதர்க்காட்டில், பெயர் சொல்லிக் காட்டும் அளவுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய துண்டுகள் இவைதாம். காசாவும் களாவும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும் இந்த வகைக் காட்டைத் தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இந்தியாவில் இது சோழமண்டலக் கரைக்கே உரியது. கல்லூரிக்கும் நன்மங்கலத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். கல்லூரிக்கும் வண்டலூருக்கும் அதே அளவு. நன்மங்கலத்திலிருந்து கிண்டி பத்துக் கிலோமீட்டர் இருக்கும். ஒரு டவுன் பஸ் போய்வரும் தூரம். ஆனால் அந்தத் தூரத்தை இப்போது நிரப்பியிருப்பவை ஜி.எஸ்.டி. சாலை, ரயில் பாதை, வேளச்சேரி சாலை, அவற்றைச் சுற்றிப் பல்லாயிரம் வீடுகள். இந்தத் துண்டுகளை வாழிடமாகக் கொண்ட ஒரு கொடியை எடுத்துக்கொள்வோம். பெயர் ஒன்று, பூ ஒன்று. உள்ளுக்குள்ளும் அது ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கான விடையில்தான் அந்தக் கொடியின் எதிர்காலம் இருக்கிறது.

கொடியின் பெயர் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதலில் நிற்பது காந்தள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கலப்பை போல வளைந்த கிழங்கால் கலப்பைக்கிழங்கு. கொங்குப் பக்கம் கண்வலிக்கிழங்கு. முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து முளைத்து, இலை நுனியையே சுருட்டிப் பக்கத்துப் புதரைப் பற்றி ஏறி, பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்களோடு பூத்து, பச்சை மஞ்சளாகி மஞ்சள் சிவப்பாகி எரிவது போல நின்று, பிறகு தண்டோடு காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். இத்தனை பெயர் வைத்துக் கொண்டாடுகிற நாம், அரசுக் கணக்கில் இதற்குத் தந்திருப்பது ஒரே ஒரு வரி. ஒரு காட்டின் தாவரப் பட்டியலில் ‘செங்காந்தள் உண்டு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்த ஒற்றை வரிதான் ஆபத்து. தென்சென்னையில் செங்காந்தள் ஒரே நாளில் இல்லாமல் போய்விடாது. பட்டியலில் பெயர் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பெயருக்குள் இருந்த பலவகையான செங்காந்தள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரே அச்சில் வார்த்த சில செடிகள் மட்டும் நிற்கும். அந்த இழப்பை எந்தப் பட்டியலும் காட்டாது.

ஓர் இனத்துக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டைத்தான் மரபணுப் பன்மை என்கிறோம். ஒரே ஊரில் விளையும் இரண்டு புளியமரத்தின் காய் ஒரே புளிப்பு இல்லை என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்திதான். செங்காந்தளிலும் அப்படித்தான். கிழங்கின் பருமன், முளைக்கும் நாள், பூக்கும் நாள், நோய் தாங்கும் திறன், கோல்ச்சிசின் என்ற நச்சுச் சத்தின் அளவு ஆகிய எல்லாமே செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் மாறுகின்றன. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு மண்ணும் மழையும் தருவது. மறுபங்கு மரபணு தருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் டிஎன்ஏவைப் படிக்க வேண்டும். அந்த வேலைக்குத் தென்சென்னையில் முன்னோடி உண்டு. 1990களில் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவும் அவருடைய குழுவினரும் அலையாத்திக் காட்டுச் செடிகளின் டிஎன்ஏவை இடவாரியாக ஒப்பிட்டார்கள். கழிமுகச் சேற்றில் நீலப் பூப் பூக்கும் கழுதைமுள்ளியும் அவற்றில் ஒன்று. பார்வைக்கு வேறுபாடே தெரியாத செடிகள் டிஎன்ஏவில் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுவதை அவர்களால் அளந்து காட்ட முடிந்தது. செங்காந்தளிலும் தென்னிந்தியாவின் பல பகுதிக் கிழங்குகளை இப்படி ஒப்பிட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆகவே ‘பூ ஒன்றுபோல் இருக்கிறதே’ என்ற கண்சாட்சி இங்கே செல்லாது.

சரி, வேறுபாடு இருக்கிறது. அது ஏன் குறைய வேண்டும்? யாரும் செடியைப் பிடுங்காமல், காட்டுக்கு வேலி போட்டுக் காவல் காத்தாலும் குறையுமா? குறையும். காரணம் கணக்கில் இருக்கிறது. ராமானுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி.எச். ஹார்டி, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் ‘சயின்ஸ்’ இதழுக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க்கும் அதே 1908இல் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். கூட்டம் மிகப் பெரிதாக இருந்து, கலப்பு தடையின்றி நடந்து, வேறு எந்த அழுத்தமும் இல்லையென்றால் மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறை தலைமுறையாக மாறாது என்பது அதன் சாரம். ‘கூட்டம் மிகப் பெரிதாக இருந்து’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கூட்டம் சிறியதானால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு குலுக்கல் சீட்டு. எந்தச் செடியின் விதை முளைத்தது, எது முளைக்கவில்லை என்பதில் தற்செயல் புகுந்துவிடும். விதை போடும் தாய்தந்தைச் செடிகள் உண்மையில் 500 இருந்தால் ஒரு தலைமுறைக்குப் பன்மையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போகும். 20 தலைமுறைக்குப் பிறகும் 98 சதவீதம் கையில் இருக்கும். 50 இருந்தால் 82 சதவீதம் மிஞ்சும். 10தான் என்றால் தலைமுறைக்கு 5 சதவீதம் கழிந்துகொண்டே வந்து, 20 தலைமுறையில் மிஞ்சுவது 36 சதவீதம். இதில் யாருடைய குற்றமும் வேண்டியதில்லை. சிறுகூட்டமாக இருப்பதே போதும்.

செங்காந்தள் விதையிலிருந்து பூவுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டின் ஒரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது 1937இல். அன்றிலிருந்து இன்றுவரை இருபது தலைமுறைக்கும் கூடுதலாக ஓடியிருக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். இங்கே கவனம் வேண்டும். கிழங்கு பல ஆண்டு வாழும், பிரிந்து பெருகும். ஒரு தாய்க்கிழங்கே வருடம் தோறும் எழுந்து பூத்தால் தலைமுறைக் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும், இழப்பும் மெதுவாகவே வரும். இது ஆறுதல்தான். ஆனால் அதே கிழங்கு இன்னொரு விதத்தில் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு புதரில் முப்பது கொடி ஏறி நிற்கலாம். அத்தனையும் ஒரே கிழங்கின் பிரிவுகளாக இருந்தால் மரபணுக் கணக்கில் அது முப்பது இல்லை, ஒன்று. கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை பெரிதாகவும், உண்மையான கூட்டம் சிறிதாகவும் இருக்கும் நிலை இது. வனக்காவலரின் நோட்டில் முப்பது என்று பதிவாகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

பூவின் அமைப்பைப் பார்த்தால் இதன் விளைவு புரியும். செங்காந்தளின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் விலக்கும் ஏற்பாடு இது. வேறு பூவின் மகரந்தத்தைப் பட்டாம்பூச்சியின் சிறகோ தேன்சிட்டின் மார்போ கொண்டுவந்து தொட வேண்டும். அயலாரை எதிர்பார்த்தே படைக்கப்பட்ட பூ. அந்த அயலார் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்தது ஒரு பாடம். ஏரிக்கரை டெய்சி என்ற மஞ்சள் பூச்செடி அங்கே ஒரே இடத்தில் மிஞ்சியிருந்தது. செடிகள் நலமாக இருந்தன, வருடம் தோறும் பூத்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் விதை மட்டும் பிடிக்கவில்லை. மார்செல்லா டிமௌரோ ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட விளக்கம் எளிமையானது: தன் வகை மகரந்தத்தை ஏற்காத செடி அது. மிஞ்சியவை அத்தனையும் ஒரே வகை. ஒஹாயோ மாநிலத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டு கலந்த பிறகுதான் விதை பிடித்தது. செங்காந்தளுக்கு டெய்சி அளவுக்குக் கடுமையான விலக்கு கிடையாது. ஆனாலும் உறவுக்குள்ளேயே கலந்து பிறக்கும் விதை வலுவிழக்கும் என்ற பொது விதி அதற்கும் உண்டு. பூக்கிறது என்பதை வைத்து நலம் என்று முடிவு செய்வது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு அந்த டெய்சி சாட்சி.

தாம்பரம் சுற்று வட்டாரத்தில் இந்த அயலார் உறவைச் சுமந்தவை காடுகள் மட்டுமல்ல. காட்டுக்கும் காட்டுக்கும் இடையில் கிடந்த வேலிகள்தாம் உண்மையான பாலம். வயலோரத்து உயிர்வேலி, ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் புதர், கோயில் நிலம் என்று கொடி ஏற இடம் இருந்தவரை தேன்சிட்டுக்கு ஒரு பூவிலிருந்து அடுத்த பூ பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நன்மங்கலத்து மகரந்தம் ஒரே பறப்பில் சேலையூருக்குப் போக வேண்டியதில்லை. வேலி வேலியாக, தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேரும். இரண்டு கூட்டங்கள் பிரிந்து அந்நியமாகிவிடாமல் இருக்க ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு புதுவரவு போதும் என்பது மரபியலில் சூவல் ரைட் காலத்திலிருந்து சொல்லிவரும் கணக்கு. அவ்வளவு மெல்லிய நூல் போதும். அந்த நூல்தான் இங்கே அறுந்தது. விளைநிலம் மனையானது. உயிர்வேலி காம்பவுண்டுச் சுவரானது. பச்சைமலையும் திரிசூலமும் கல்குவாரியாயின. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அது புதிதாக நகரமாக்கவில்லை, ஏற்கெனவே நகரமாகிவிட்டதற்குப் பெயர் வைத்தது. காடுகளைச் சட்டம் காத்தது. வேலிகளைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும். செங்காந்தள் அபூர்வச் செடியா என்ன? ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்து வளர்கிறது. ஜிம்பாப்வேக்கும் அதுவே தேசியப் பூ. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மணல்மேடுகளில் களையாகப் பெருகியிருப்பதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். அப்படியிருக்க நன்மங்கலத்தில் நூறு செடி குறைந்தால் உலகுக்கு என்ன? இனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு சரி. ஆனால் பயன் இருக்கும் இடம் பெயரில் இல்லை என்பதை நெல் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் புகையான் பூச்சி பரப்பிய புல்குட்டை நோய் ஆசிய நெல்வயல்களை வாட்டியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயைத் தாங்கும் மரபணு கிடைத்தது ஒரே ஒரு மாதிரியில். அது உத்தரப்பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். குர்தேவ் குஷ் அதை வைத்து உருவாக்கி 1976இல் வெளிவந்த ஐ.ஆர்.36 பின்னர் ஆசியாவெங்கும் பரவியது. காட்டு நெல் ஏராளமாக வளர்ந்த நாடு இது. வேண்டிய மரபணு இருந்தது ஒரு மூலையில், ஒரு கூட்டத்தில். அந்த மூலையை முன்கூட்டி யாராலும் சொல்லியிருக்க முடியாது. செங்காந்தளின் கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு நெடுங்கால மருந்து. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் குறைந்த அளவில் இதயநோய்க்கும் அனுமதித்தது. செடியினங்களில் குரோமோசோமை இரட்டிப்பாக்கப் பயிர் விஞ்ஞானிகள் பயன்படுத்துவதும் அதே சத்தைத்தான். இப்படிப்பட்ட செடியின் எந்த மூலை பயனற்றது என்று இன்று யார் தீர்ப்புச் சொல்ல முடியும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கை விவசாயிகள் கம்பிப் பந்தலில் ஏற்றிப் பயிரிடுகிறார்கள். கிழக்கே வேதாரண்யம் பக்கமும் உண்டு. விதை நல்ல விலைக்கு ஏற்றுமதியாகிறது. காடு அழிந்தாலும் வயலில் இருக்கும், வேண்டுமென்றால் நாலு மூட்டைக் கிழங்கு வாங்கி வந்து நன்மங்கலத்தில் நட்டுவிடலாமே? அந்த விவசாயிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பூவின் வளைந்த சூல்தண்டைக் காலை வேளையில் ஒவ்வொன்றாகத் தொட்டு, கையாலேயே மகரந்தம் சேர்க்கும் பொறுமை சாதாரணமானதல்ல. அப்படிச் செய்யாவிட்டால் காய் போதிய அளவு பிடிப்பதில்லை என்பதே இந்தச் செடி அயலாரை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கு வயல் தரும் சான்று. ஆனால் வயலில் இருப்பது கிழங்கால் பெருக்கிய செடி. முதலில் காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்குகளில் நன்றாக விளைந்தவற்றையே பிரித்துப் பிரித்து நட்டு வந்தது. விதை நிறையக் கொடுக்கும் செடியை விவசாயி வைத்துக்கொள்வார், கொடுக்காததைக் கழிப்பார். அது அவருடைய தொழில் நியாயம். ஏக்கர் பெருகினாலும் அதற்குள் இருக்கும் மரபணு வகைகள் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. வயலின் பரப்பைக் காட்டிக் காட்டின் பன்மைக்கு ஈடு சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கரூர் வட்டாரம் தமிழ்நாட்டின் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். நீர் தேங்கி வடியும் மண், உப்புக் காற்று, பிறகு நீண்ட வெயில். இந்தச் சுழற்சிக்குப் பழகிய கிழங்கும், கொங்கு மேட்டுநிலத்துக்குப் பழகிய கிழங்கும் பார்வைக்கு ஒன்றாக இருக்கலாம், பிழைப்பில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் யோட்டே டூரெசன் 1922இல் சூழல்வகை என்ற கருத்தை முன்வைத்தார். கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் கடற்கரையிலிருந்து மூவாயிரம் மீட்டர் உயர மலைவரை ஒரே இனத்துச் செடிகளை எடுத்து, இடம் மாற்றி நட்டுப் பார்த்து 1940இல் முடிவை வெளியிட்டார்கள். கடற்கரையில் செழித்தவை மலை உச்சியில் நட்டபோது பிழைக்கவில்லை. பெயர் ஒன்று, இலை ஒன்று. உள்ளே பதிந்திருந்த பருவக் கணக்கு வேறு. வெளியூர்க் கிழங்கை ஏராளமாகக் கொண்டுவந்து கொட்டினால் ஒன்று அது பட்டுப்போகும், பணம் வீண். அல்லது அது பெருகி, பக்கத்தில் இருக்கும் சில உள்ளூர்ச் செடிகளோடு கலந்து, அவற்றின் தனித்தன்மையைக் கரைத்துவிடும். பின்னதுதான் பெரிய நட்டம், ஏனென்றால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அப்படியானால் கலப்பு நல்லதா, கெட்டதா? சற்று முன்பு அயலார் மகரந்தம் வேண்டும் என்றேன், இப்போது வெளியூர்க் கிழங்கு வேண்டாம் என்கிறேன். முரண்பாடு போலத் தெரியும். நேற்றுவரை வேலி வழியே உறவாடிய கூட்டங்களை மறுபடி சேர்ப்பது ஒன்று. எந்தக் காலத்திலும் உறவே இல்லாத கூட்டங்களை மூட்டையில் கொண்டுவந்து கலப்பது வேறு. நன்மங்கலத்துச் செடிக்கும் வண்டலூர்ச் செடிக்கும் இடையே உறவு அறுந்து சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. அதை ஒட்டவைப்பது மருத்துவம். இல்லினாய் டெய்சி போல விதையே பிடிக்காத நிலை வந்தால் தொலைவிலிருந்தும் கொண்டுவரலாம். அது கடைசி வழி, முதல் வழியல்ல. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவே முதலில் அளக்க வேண்டும்.

விதை வங்கியில் சேமித்துவிடலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சேமியுங்கள். ஆனால் ஒரே புதரில் பறித்த ஒரு பை விதையைக் குளிரறையில் வைத்துவிட்டு இனத்தையே காப்பாற்றியதாக எழுதிக்கொள்ளக் கூடாது. குளிரறையில் விதை தூங்கும். மழை மாறுவதையும் வெப்பம் கூடுவதையும் அது அறியாது. மண்ணில் இருக்கும் கூட்டம்தான் ஆண்டுதோறும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறது.

மனிதருக்கே வீடு கிடைக்காத ஊரில் கொடிக்கு இடம் கேட்கலாமா என்ற கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாடகை கொடுத்துத் தாளாமல் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் தள்ளப்படும் குடும்பங்களிடம் போய்ச் செங்காந்தள் பேச முடியாது. நான் கேட்பது வீட்டு மனையை அல்ல. பெரிய துண்டுகள் ஏற்கெனவே வனத்துறையிடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன. பாலமாகக் கூடியவையும் பெரும்பாலும் பொது நிலங்கள்தாம்: சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை ஏரிகளின் கரைகள், ரயில்வே ஓரங்கள், பள்ளி கல்லூரி வளாகங்கள், பூங்காக்கள். இவற்றை நாம் ‘சீர்’செய்யும் முறையில்தான் கோளாறு. ஏரிச் சீரமைப்பு என்றால் புதரை வழித்தெடுத்து, கல்பதித்த நடைபாதை போட்டு, நர்சரி அழகுச்செடி நடுவது என்று ஆகிவிட்டது. கரையின் ஒரு பக்கத்தில் நடைபாதை இருக்கட்டும். மறுபக்கத்தில் காரையும் சூரையும் நொச்சியும் வேலியாக நிற்க ஒரு கெஜம் விட்டால் கொடி ஏறப் போதும். செலவு கூடாது, குறையும். விஷக் கிழங்காயிற்றே என்ற பயம் உண்மையானது. குழந்தைகள் புழங்கும் பூங்காவில் இதை நடச் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால், கைக்கு எட்டாத கரைச்சரிவு போதும்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்ட இடம் வண்டலூர் உயிரியல் பூங்கா. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது குறிக்கோள். நல்ல குறிக்கோள்தான். ஆனால் பரப்பை எண்ணுகிற கண்ணுக்கு மரபணுத் தெரியாது. ஒரு தாய்மரத்தின் விதையில் பத்தாயிரம் கன்று வளர்த்து மாவட்டம் முழுக்க நட்டால் பரப்புக் கூடும், பன்மை சுருங்கும். கன்று எந்தக் காட்டின், எத்தனை தாய்ச்செடியின் விதை என்று நாற்றங்காலில் ஒரு சீட்டுக் கட்டினால் பாதிக் குறை நீங்கும். ஒரு கூட்டத்திலிருந்து விதை எடுக்கும்போது ஐம்பது தாய்ச்செடிகளிலாவது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், அவ்வளவு இல்லையென்றால் இருக்கும் ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும் என்பது விதை சேகரிப்பவர்களின் நடைமுறை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை நாடு முழுக்க நடத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது. 70 வார்டு கொண்ட தாம்பரம் மாநகராட்சியின் பதிவேட்டில் ‘செங்காந்தள்’ என்று ஒரு வரி போதாது. எந்த வார்டில், எந்தக் கரையில், எத்தனை தனிச்செடி, காய் பிடிக்கிறதா என்று கூட்டம் கூட்டமாக எழுத வேண்டும். இந்தியாவுக்கே முன்மாதிரியாக அமையக்கூடிய பதிவேடு, ஆணையத்தின் வாசலிலேயே.

செய்யத் தகுந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களின் மேல் கொண்ட பற்றால் வளாகத்துப் பசுமையை வளர்த்தவர். தென்னிந்திய மலைகளில் அவர் செய்த தாவர ஆய்வுக்காக ஒரு செடியினமே அவர் பெயரைத் தாங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. கலப்பைக்கிழங்கைச் சுத்தி செய்து மருந்தாக்கும் மரபு சித்த மருத்துவத்துக்கு உரியது. தன் மூலிகை எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது, சத்து எவ்வளவு என்பது அதன் அன்றாட அக்கறையாக இருக்க வேண்டும். டிஎன்ஏ ஆய்வகங்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. கூட்டத்துக்கு முப்பது செடி, செடிக்கு ஓர் இலைத்துண்டு. செடிக்குச் சேதமில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மதராஸ் ஹெர்பேரியத்தில் பழைய உலர்தாவரத் தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட தாள்களிலிருந்தும் இன்று டிஎன்ஏ எடுக்க முடிகிறது. இந்தக் கரையின் பழைய செங்காந்தளோடு இன்றைய செங்காந்தளை ஒப்பிட்டால், இதுவரை எவ்வளவு போனது என்ற கேள்விக்கு ஊகமல்லாத பதில் கிடைக்கும்.

இந்த வேலைக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் பலரும் மறக்கும் செய்தி. மழை தொடங்கியதும் கொடி எழும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். மார்கழி, தையில் காய் வெடித்துச் செம்மஞ்சள் விதை தெரியும். அதற்குப் பிறகு தண்டு காய்ந்து உதிர, தரையில் அடையாளமே இருக்காது. சித்திரை வெயிலில் ஒரு புறம்போக்கையோ ஏரிக்கரையையோ வந்து பார்வையிடும் அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அங்கே முள்ளும் சருகும் மட்டுமே தெரியும். ‘குறிப்பிடத்தக்க தாவரம் எதுவும் இல்லை’ என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது. அந்த வாரமே ஜே.சி.பி. வந்துவிடும். ஒரு சாண் ஆழத்தில், அந்தக் கரைக்கே உரிய கிழங்கு, ஆடி மழைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.